காற்றில் ஆறுகிற வண்டிக்கு இரண்டு செம்புத் தண்ணீர்

அந்தக் கறையைத் தேய்க்காதே மதினி, போகாது. சோப்புத்தூள் போட்டாயா? வீண் வேலை. நான் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், சாம்பல் போட்டுப் பார்த்தேன், செங்கல் பொடி வைத்து முழங்கை வலிக்கத் தேய்த்தும் பார்த்தேன். சிமெண்டுக்குள் இறங்கிவிட்ட எண்ணெய் அது. நீ இங்கே குடிவந்த அன்றைக்கே சொல்ல நினைத்தேன். வீட்டுக்காரன் உன்னிடம் என்ன சொன்னான்? பழைய ஜெனரேட்டர் நின்ற இடம் என்றானா? ஜெனரேட்டராவது ஒன்றாவது. அங்கே ஒரு கார் நின்றது. எங்கள் கார்.

அந்தப் பித்தளைச் செம்பா? ஷெட்டு ஜன்னலில் கிடந்ததா? எனக்குத் தெரியாது மதினி, யாராவது விட்டுப் போயிருப்பார்கள். நல்லாத்தான் விளக்கி வைத்திருக்கிறாய், மூஞ்சி தெரிகிறது. காரைப் பற்றிக் கேள்.

எங்கள் கார் என்றதும் சிரிக்காதே. கார் நர்ஸக்காவுடையது. நீ அரிசிமூட்டை வைத்திருக்கிற அறைதான் அவள் படுக்கையறை. நான் காலையில் வந்து சமைத்து, பெருக்கி, பாத்திரம் கழுவிப் போட்டுவிட்டு மத்தியானம் போவேன். கார் வந்த பிறகு சாயங்காலமும் வர ஆரம்பித்தேன். யாரும் கூப்பிடவில்லை. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எப்படி இருக்கும் தெரியுமா? வெற்றிலைப் பச்சை. மழைக்கு முன்னால் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் பாரு ஒரு தேரை, அப்படி. இரண்டே கதவு. உள்ளே உட்காருவது கிணற்றில் இறங்குகிற மாதிரி. முதலில் ஒரு காலை விட்டு, பிறகு சாமி பெயரைச் சொல்லி விழ வேண்டியதுதான். இறங்க வேண்டுமென்றால் யாராவது கையைப் பிடித்து இழுக்க வேண்டும். வண்டி வந்த அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. முக்குக் கடை அண்ணாச்சி பெரிய கெட்டிக்காரர் மாதிரி முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பெட்டி. அவருக்கு முகமே செத்துப்போய்விட்டது. “எக்கா, எஞ்சினைக் கழட்டிக்கிட்டு உங்க தலையில கட்டிட்டானே” என்றார். நர்ஸக்கா சிரித்துக்கொண்டே அவரைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். அங்கேதான் எஞ்சின் இருந்தது. அண்ணாச்சி அதற்குப் பிறகு ஒரு வாரம் எல்லோரையும் கூட்டிவந்து, தானே கண்டுபிடித்த மாதிரி பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நர்ஸக்கா கல்யாணம் கட்டவில்லை. பாளையங்கோட்டையிலேயே பிறந்து, இங்கேயே நர்சுக்குப் படித்து, மலைமேல் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்து முடித்தாள். ரிட்டயர் ஆன பிறகும் வெள்ளைச் சேலைதான். தோளில் தலைகீழாகக் குத்தின கடிகாரம். லீவுக்குக் கீழே வருவதும் மேலே போவதும் மாஞ்சோலை பஸ்ஸில். கொண்டை ஊசி வளைவில் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். இவள் மடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொன்றாகக் கொடுப்பாளாம். அப்போதெல்லாம் எஸ்டேட்டில் ஒரு பெரிய ஆபீசர் இந்தப் பச்சை வண்டியை வைத்திருந்தார். சத்தம் முதலில் வரும், வண்டி அதற்குப் பிறகுதான் வளைவில் தெரியும், பஸ்ஸைத் தாண்டிக்கொண்டு மேலே போய்விடும். அத்தனை வருஷமும் பஸ் ஜன்னலில் இருந்து அதைப் பார்த்திருக்கிறாள். யாரிடமும் ஆசையைச் சொன்னதில்லை. அந்த ஆபீசர் வயசாகிக் கீழே இறங்கின பிறகு வண்டி அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வைக்கோல் கொட்டகையில் கிடந்தது. சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது என்றால் பார்த்துக்கொள். இவள் போய் வாங்கி வந்துவிட்டாள். எஸ்டேட் ஜீப்பை டிரைவர் இல்லாத நாளில் ஓட்டிப் பழகின கை, அதனால் பயமில்லை.

அவளைப் பற்றி ஒன்றே ஒன்று சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். யாருக்கு என்ன நோவு வந்தாலும் அவள் நாடியைப் பிடிக்க மாட்டாள், நாக்கை நீட்டச் சொல்ல மாட்டாள். முதலில் ஒரு கேள்வி. “என்ன குடுத்தீங்க?” அவ்வளவுதான். வார்டில் நோயாளியைவிட, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள்தான் ஆபத்து என்பாள். கஞ்சி மட்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். இவர்கள் துண்டுக்குள் முறுக்கை மறைத்துக்கொண்டு வந்து கொடுத்துவிடுவார்கள். பாசம். அப்புறம் வயிறு ஊதினதும் நாங்கள் ஒன்றுமே கொடுக்கவில்லையே என்று சத்தியம் பண்ணுவார்கள்.

எனக்கே நடந்தது. எனக்குச் சர்க்கரை உண்டல்லவா? ஒருநாள் தலை சுற்றி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். விரலில் குத்திப் பார்த்தாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். என் தங்கச்சி உடன்குடியிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியை மூன்று நாளாகக் காபியில் போட்டுக் குடித்ததைச் சொன்னேன். கருப்பட்டி சர்க்கரையில் சேராது என்று நான் நினைத்திருந்தேன். திட்டுவாள் என்று பார்த்தால் வாய்விட்டுச் சிரித்தாள். “ஏளா, என்ன குடுத்தேன்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கிடுதேன்” என்றாள். கருப்பட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான் தண்டனை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சொன்னால் ஒன்றும் செய்யமாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை நீ மனசில் வைத்துக்கொள்.

காரையும் அப்படித்தான் பார்த்தாள். ஷெட்டுச் சுவரில், ஆஸ்பத்திரிக் கட்டில் காலில் தொங்குமே, அந்த மாதிரி அட்டை தொங்கவிட்டாள். எண்ணெய் எவ்வளவு, சூடு எவ்வளவு, என்ன சத்தம் என்று தினமும் எழுதுவாள். வண்டிக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும், எண்ணெய் சொட்டுகிறதைப் பிடிக்க. “பச்சைப் பிள்ளை, அதுக்கு அரைத்துணி இது” என்பாள். காலையில் அந்தத் தட்டை மோந்து பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பாள். பழைய டாக்டர் ஒருவர் கொடுத்த ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, எஞ்சினில் அங்கன இங்கன வைத்துக் கேட்பாள். மேலப்பாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக் பாய் வருவார். இந்த வட்டாரத்திலேயே அந்த எஞ்சினில் கைவைக்கத் தெரிந்த ஆள் அவர் ஒருத்தர்தான். முதல் நாள் ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்துத் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். மறுவாரம் பையத் தயங்கி, “சிஸ்டர், அதைக் கொஞ்சம் குடுங்க, நானும் வச்சுப் பாக்கேன்” என்று வாங்கிக்கொண்டார். மற்ற காருக்கெல்லாம் எஞ்சின் ஆறின பிறகுதான் எண்ணெய் அளவு பார்ப்பார்களாம். இதற்கு மட்டும் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். பாய்க்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். எங்கேயோ எழுதிக் கேட்டு, தபாலில் புத்தகம் வரவழைத்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கோடு போட்டுப் படித்தாள்.

பாய் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு. வந்த புதிதில் ஒரு மழை நாள், வண்ணார்பேட்டை வளைவில் எதிரே பஸ்ஸைப் பார்த்ததும் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். வண்டி ராட்டினம் மாதிரி சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றுவிட்டது. நான் பக்கத்தில் இருந்தேன் மதினி. கண்ணைத் திறந்தால் பாளையங்கோட்டை எங்களைப் பார்த்து வருகிறது. அவள் ஸ்தோத்திரம் என்றாள், நான் முருகா என்றேன். மறுநாள் பாய் முன்பெட்டியில் ஒரு மணல் மூட்டையை வைத்தார். கனமெல்லாம் பின்னால் இருக்கிற வண்டி இது என்றார். “வளைவுல பயந்து காலை எடுக்காதீங்க சிஸ்டர். பயந்தா பின்னால இருக்கது முன்னால வந்துரும்” என்றார்.

அப்புறம் என் பெருமையைக் கேள். எனக்கு எழுத்துத் தெரியாது, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வராது. ஆனால் எந்த மூடி எங்கே, எந்தத் துணி எதற்கு, எல்லாம் தெரியும். சர்ச்சிலிருந்து ஆட்கள் வந்தால் நர்ஸக்கா என்னைக் காட்டி, “வண்டிக்கு நான் ஒரு நர்ஸ், இவ ரெண்டாவது நர்ஸ்” என்பாள். அவர்கள் வீட்டிலும் வேலைக்கு ஆள் உண்டு. அந்த ஆட்களை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதைக் கேட்ட அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போனேன் என்றா நினைக்கிறாய்? பறந்து போனேன். தெருவில் எல்லோரிடமும் எங்கள் கார், எங்கள் கார் என்று சொல்லித் திரிந்தேன்.

ஒன்றுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வாரமே கேட்டேன், தண்ணீர் எங்கே ஊற்ற வேண்டும் என்று. இது காற்றிலேயே ஆறுகிற வண்டி, உள்ளே ஒரு விசிறி ஓடுகிறது, எண்ணெய் சுற்றுகிறது, தண்ணீரே கிடையாது என்றாள். சரி சரி என்று தலையை ஆட்டினேன். மனசு ஏற்கவில்லை.

ஏனென்றால் என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். ஏரலிலிருந்து வாழைத்தார் ஏற்றுகிற லாரி. விடியற்காலம் வாசலில் நிற்கும். அவருக்குக் காபி கொடுப்பதற்கு முன்னால் நான் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும், அவர் லாரி மூக்கைத் திறந்து ஊற்றுவார். கல்யாணமான மறுநாள் தெரியாமல் காபியை முதலில் நீட்டிவிட்டேன். “வாயில்லாத சீவன், முதல்ல அதுக்குக் குடு” என்றார். அன்றிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த நாள்வரை லாரிக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அடுப்பில் பால். தண்ணீர் குடிக்காத எஞ்சின் உண்டு என்று யாராவது சொன்னால், பால் குடிக்காமல் வளர்ந்த பிள்ளை உண்டு என்கிற மாதிரித்தான் எனக்குக் கேட்கும்.

எஸ்டேட்டை மூடி மலையைவிட்டு எல்லோரையும் இறக்கிவிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது நினைவிருக்கிறதா? அதைக் கேட்டதும் நர்ஸக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கையில் பிறந்த பிள்ளைகளெல்லாம் பேரன் பேத்தி எடுத்து அங்கேதான் இருந்தார்கள். மேலே போக பாரஸ்ட்டுக்காரர்களிடம் கடிதம் வாங்க வேண்டும். அலைந்து அலைந்து ஒரே ஒரு நாளைக்கு வாங்கினாள். ஒரு திங்கட்கிழமை. பஸ்ஸில் போனால் என்ன என்று சர்ச்சுக்காரர்கள் கேட்டார்கள். அத்தனை வருஷம் பஸ்ஸில் போனேன், இந்த ஒரு தடவை இதில்தான் என்றாள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயன் வீடுகளுக்கு முன்னால் நிறுத்தி ஆரன் அடிக்க வேண்டும், பெண்டுகள் வெளியே ஓடிவர வேண்டும், அதுதான் அவள் ஆசை. மேலே சொல்லி அனுப்பிவிட்டாள். அவர்கள் சோறு ஆக்கி வைக்கிறோம் என்றார்கள். பக்கத்து சீட்டு எனக்கு. நான் மலையே ஏறினதில்லை.

பாய் சனிக்கிழமை வந்து எண்ணெய் மாற்றி, எஞ்சினைத் துடைத்து, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, இமயமலைக்கே போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் வண்டியை ஆற்றுப் பாலம் வரை ஒரு நடை ஓட்டிப் பார்த்துவந்து நிறுத்தினாள். வெயிலில் வந்தது தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்தாள். நான் துணியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பின்பக்கம் இட்லிக் கொப்பரை மாதிரி கொதிக்கிறது. டிக், டிக் என்று உள்ளே ஒரு சத்தம், நாக்கு வறண்ட பிள்ளை உதட்டைச் சப்புகிற மாதிரி. எனக்குத் தாங்கவில்லை. நாளைக்கு அவ்வளவு பெரிய மலை ஏறப் போகிறது, ஒரு வாய் தண்ணீர் இல்லாமலா?

பின்மூடியைத் திறந்தேன். பாய் எண்ணெய் ஊற்றுகிற மூடி எனக்குத் தெரியும், நான்தான் இரண்டாவது நர்ஸ் ஆயிற்றே. எண்ணெய் போகிற வழியில்தானே தண்ணீரும் போகும், ஒரு உடம்புக்கு இரண்டு வாயா இருக்கும் என்று நினைத்தேன். துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். ஒரு செம்பு. அது உள்ளே போன சத்தம் எனக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. இன்னொரு செம்பு. மூடித் துடைத்துவிட்டு, தடவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அவ்வளவு தெரிந்தவளுக்கு அது ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை பார். துண்டுக்குள் முறுக்கை மறைத்துக்கொண்டு போன சொந்தக்காரர்களைப் பார்த்து நானும் அவளும் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்.

மறுநாள் விடியலில் கிளம்பினோம். நான் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவள் சிரித்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஜெபம் பண்ணினாள். சேரன்மாதேவி தாண்டுகிறவரை ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். வயலில் நடவு நட்ட பெண்டுகள் நிமிர்ந்து பார்த்தார்கள், நான் கையைக் காட்டினேன். கல்லிடைக்குறிச்சி கழிந்ததும் நர்ஸக்கா தலையைச் சாய்த்தாள். “என்னமோ சொல்லுது ஏளா” என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் ஓரம் கட்டுவதற்குள் பின்னால் அம்மியில் சரளைக்கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம், அதோடு எல்லாம் அடங்கிவிட்டது. மலை எதிரே நின்றது மதினி. மேகம் அதன் இடுப்பில் கிடந்தது. அடிவாரத்துக்கு இன்னும் ஒரு பீடி குடிக்கிற தூரம்தான்.

பாய்க்குப் போன் பண்ணினாள். அவர் வருவதற்குள் டீக்கடை ஆட்கள் கூடிவிட்டார்கள். பாய் வந்து அடியில் படுத்து ஏதோ ஒரு திருகைக் கழற்றினார். தேன் மாதிரி வர வேண்டிய புது எண்ணெய் பால் ஊற்றின காபி மாதிரி வந்தது. “எண்ணெயில தண்ணி விழுந்திருக்கு சிஸ்டர்” என்றார். அப்போதுதான் எனக்கு அந்த இரண்டு செம்பும் ஞாபகம் வந்தது. நர்ஸக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. கருப்பட்டி அன்றைக்குப் பார்த்தாளே, அதே பார்வை.

“ஏளா, நீ ஏதாவது குடுத்தியா?”

சொல்லியிருக்கலாம். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, நான் பட்டுச்சேலையில் நின்றேன். கையைக் காட்டிக்கொண்டு வந்தவள், இரண்டாவது நர்ஸ், எங்கள் கார் என்று தெருவெல்லாம் சொன்னவள். இத்தனைக்கும் பிறகு, தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாத வேலைக்காரி என்று ஆகிவிடுமே. பயந்தேன். காலை எடுத்துவிட்டேன்.

“எனக்கு என்னக்கா தெரியும்? முந்தாநாள் பாய்தானே எல்லாத்தையும் கழட்டிக் கழுவி வச்சாரு” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை டீக்கடை ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். ஓஸ் பைப்பில் தண்ணீர் பிடித்து அடித்திருப்பான், உள்ளே போயிருக்கும், வெளிநாட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்காரன் கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று ஆளுக்கொன்று. பாய் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அப்போதே தாடி முழுக்க வெள்ளை. “நான் தண்ணியைத் தொடவே இல்ல சிஸ்டர், துணிதான் வச்சுத் தொடச்சேன்” என்று ஒரே தடவை சொன்னார். என் பக்கம் பார்க்கவில்லை. கயிறு கட்டி வண்டியை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை ஷெட்டு ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு இந்த வாசல் ஏறவில்லை.

எஞ்சினுக்கு வேண்டிய சாமான் கடல் தாண்டி வர வேண்டுமாம். அது வருவதற்குள் மலையிலிருந்து சனம் இறங்கிவிட்டது. சில பெண்டுகள் பாத்திர மூட்டையோடு நேராக இங்கேதான் வந்தார்கள், நர்ஸக்காவைப் பார்க்க. நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். ஒருத்தி சொன்னாள், அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்து வளைவுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருட்டுகிறவரை வாசலிலேயே நின்றோம் என்று. நர்ஸக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எல்லோருக்கும் காபி கொடுத்தேன். அதே கையால்தான்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நர்ஸக்கா நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். வார்டில் நடந்த ஒரு கதையைச் சொன்னாள். ஒரு அம்மா, ஆப்பரேஷன் ஆன மகளுக்கு ஒளித்து வைத்து ஏதோ ஊட்டிவிட்டாள். மகள் பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்த அம்மா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, நர்சுகளைப் பார்த்தாலே ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். இதைச் சொல்லிவிட்டு நர்ஸக்கா ஒரு அவரைக்காயை எடுத்து நாரை உரித்தாள். “அந்தம்மாவை நான் ஒண்ணுமே செஞ்சிருக்க மாட்டேன். பாசத்துல குடுத்தது. சொல்லியிருந்தா அவளுக்கே நிம்மதியா இருந்திருக்கும்” என்றாள்.

நான் பாவம் என்றேன். என்றுவிட்டு அவரைக்காயை நறுக்கினேன். எவ்வளவு பொடியாக நறுக்கிவிட்டேன் என்றால், அன்றைக்குப் பொரியல் கூட்டாகிவிட்டது. அவள் அதையே போட்டுச் சாப்பிட்டாள். நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னாள்.

சாயங்காலங்களில் ஓடாத அந்த வண்டிக்குள் போய் உட்கார்ந்திருப்பாள். அட்டையில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அப்புறம் உடம்புக்கு முடியாமல் நாகர்கோவிலில் தம்பி மகள் வீட்டுக்குப் போனாள். வண்டியை யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன வருஷம் அவளைப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள்.

அங்கே கேட்டுக்கு வெளியே பாய் நின்றார். என்னைப் பார்த்து, எக்கா, சுகமா இருக்கீங்களா என்று அவர்தான் முதலில் கேட்டார். பிறகு ஒன்று சொன்னார். வண்டி நின்ற அந்த வாரமே நர்ஸக்கா ஆட்டோ பிடித்து மேலப்பாளையத்தில் அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாளாம். வேலை செய்கிற ஆட்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தண்ணீரை ஊற்றினது நான்தான், வயதாகிவிட்டது, புத்தி மாறிவிட்டது, உங்கள்மேல் தப்பில்லை, மன்னிக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம். டீக்கடைக்கும் போய்ச் சொன்னாளாம்.

“காத்துல ஆறுற வண்டின்னு எனக்கே பாடம் எடுத்த ஆளு. அவங்க ஊத்துவாங்களாக்கா? அவங்களுக்குப் பொய் சொல்ல வரவே இல்ல. தரையைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னாங்க” என்றார் பாய்.

அதன் பிறகு என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்குகிற பாட்டு உள்ளே கேட்டது. நான் வாயைத் திறந்தேன். வெயிலாக இருக்கிறது, சோடா குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

அவ்வளவு பேரிடம் என்ன கொடுத்தீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டவள், தான் ஒரு பொய் சொன்னாள். யாருக்காகச் சொன்னாள் என்று நீயே பார்த்துக்கொள். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இந்நேரம் நான் மறந்திருப்பேன். மேலப்பாளையத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறியாகிவிட்டது மதினி. மூன்று தடவையும் ஒர்க்‌ஷாப் வாசல் தாண்டி அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். உன்னிடம்தான் முதல்முதலாக வாயைத் திறக்கிறேன், அதுவும் நீ கறையைத் தேய்த்ததால்.

குழாய் சீறுகிறது கேட்டாயா? முதலில் காற்றுதான் வரும், பின்னாலேயே தண்ணீர் வந்துவிடும். எழுந்திரு, குடத்தை எடு. இன்றைக்கு விட்டால் நாளை மறுநாள்தான். முதல் தண்ணீர் கலங்கலாக இருக்கும், அதை நான் மொண்டு செடிக்கு ஊற்றுகிறேன். அந்தச் செம்பை இங்கே கொடு. கொடு மதினி, அது என்னுடையதுதான்.